பீட்டர் வென்ட்வொர்த்தா, ஜான் எலியட்டா?

இரண்டு பேருமே இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் வாய் திறந்து பேசி, கடைசியில் லண்டன் கோபுரச் சிறையிலேயே உயிரை விட்டவர்கள். ஆனால் யார் பெரியவர் என்று கேட்டால், நான் வென்ட்வொர்த் பக்கம்தான்.

அவர் முதலாம் எலிசபெத் காலத்து ஆள். 1576-இல் உறுப்பினர்களுக்குப் பேச்சுச் சுதந்திரம் வேண்டும் என்று எழுந்தவர், அரசியும் தவறு செய்திருக்கிறார் என்று சொல்லிவிட, பாதியிலேயே நிறுத்திச் சிறைக்கு அனுப்பியது அரசி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக உறுப்பினர்கள்தான்! ஒரு மாதம் போல உள்ளே இருந்தார், விடுவித்தது அரசி. அப்புறமும் அடங்கவில்லை. அடுத்த வாரிசு யார் என்ற கேள்வியைக் கிளப்பி 1593-இல் உள்ளே போனவர், திரும்பவே இல்லை.

எலியட்டுக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். 1629 மார்ச் 2 அன்று, மன்னர் முதலாம் சார்லஸின் ஆணைப்படி அவையை ஒத்திவைக்க எழுந்த சபாநாயகர் ஃபிஞ்சை ஹோலிஸும் வாலன்டைனும் நாற்காலியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மன்னரின் போக்கை எதிர்த்த தீர்மானங்கள் நிறைவேறின. எலியட்டுக்கு 2,000 பவுண்டு அபராதம், சிறை. அவர் பணியவில்லை, அந்த உறுதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1632-இல் காசநோயில் இறந்தார். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகக்கூட முதலாம் சார்லஸ் விடவில்லை.