பச்சிளம் குழந்தை ஃபோட்டோ: ஸ்டுடியோவுக்கு வரச்சொல்வதா, வீட்டுக்குப் போவதா?

பச்சிளம் குழந்தைகளையும் குடும்பங்களையும் படமெடுப்பதைத் தொழிலாக்க நினைப்பவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. குழந்தையை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, பீன் பேக்கில் (சிறு மணிகள் நிரப்பிய பெரிய மெத்தைப் பை) படுக்கவைத்து, துணியில் சுற்றி, கை கால்களை மடக்கி எடுக்கும் ‘போஸ்’ வேலை ஒன்று. கேமரா பையோடு அவர்கள் வீட்டுக்கே போய், பெற்றோர் மடியிலும் கட்டிலிலும் ஜன்னலோரத்திலும் குழந்தையை இருந்தபடி எடுக்கும் ‘லைஃப்ஸ்டைல்’ வேலை இன்னொன்று. முதலீடு, உழைக்கும் நேரம், ஆபத்து, பணம் வரும் வழி எல்லாமே இரண்டுக்கும் வேறு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வீட்டில் தொடங்குங்கள், போஸ் வேலையை ஒருவரிடம் நின்று கற்றபின் சேருங்கள், ஸ்டுடியோ வாடகையைக் கடைசியில் பாருங்கள்.

நாள் பிடிப்பது

போஸ் வேலைக்குத் தோதான காலம் பிறந்த 5ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை. அதற்கு முன் என்றால் தாய்ப்பால் இன்னும் சீராகியிருக்காது; குழந்தை பிறந்த எடையில் கொஞ்சம் இழந்திருக்கும்; பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் 3 முதல் 5ஆம் நாளில்தான் உச்சத்தில் நிற்கும். பசித்த குழந்தை எந்தப் போஸிலும் தங்காது. 14 நாள் கடந்தால் விழிப்பு கூடும், காலை நீட்டி உதைக்கும், முகத்தில் சிறு பருக்கள் கிளம்பும். தூக்கத்தின் நடுவே கைகளை விரித்துத் திடுக்கிடும் அனிச்சைச் செயலும் இருக்கிறது. எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918இல் விவரித்தது இதைத்தான். தூக்கம் லேசாக ஆக ஆக, பத்து நிமிடம் மெனக்கெட்டு மடக்கிய கை ஒரு திடுக்கிடலில் வெளியே வந்துவிடும். சுற்றும் துணி அழகுக்கு மட்டும் இல்லை. அந்தக் கைகளை அமைதிப்படுத்தவும்தான். குறைமாதக் குழந்தை என்றால் நாட்களைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், மருத்துவர் சரி என்ற பிறகே தொட வேண்டும்.

லைஃப்ஸ்டைல் வேலைக்கு இந்த நெருக்கடி இல்லை. ஆறு வாரம் வரை தாராளமாக எடுக்கலாம். கண் விழித்திருந்தால் இன்னும் நல்லது: பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால், அம்மா முகத்தை அந்தத் தூரத்துக்குக் கொண்டுவந்தால் பார்வை அங்கே போய் நிற்கும்.

இந்த வித்தியாசம் டைரியில்தான் உறைக்கும். குறித்த தேதியிலேயே பிறப்பது 20இல் ஒரு குழந்தை அளவுக்குத்தான். 37ஆம் வாரத்திலிருந்து 42ஆம் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும். வாரத்துக்கு மூன்று போஸ் ஷூட் எடுக்கத் தெம்பிருக்கிறவர், குறித்த தேதிகளை வாரத்துக்கு இரண்டுக்கு மேல் ஏற்கக்கூடாது. கர்ப்பத்தின் பாதியில் அட்வான்ஸ் வாங்கி, தேதியைப் பென்சிலில் குறித்து, பிறந்த மறுநாள் தகவல் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அதன்பின் நாளை உறுதி செய்வதுதான் நடைமுறை. ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகள் பிறந்துவிட்டால் வீட்டுக்குப் போகிறவர் இரண்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். போஸ் எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. யாரோ ஒருவருக்குப் பணத்தைத் திருப்பித் தர நேரும்.

கைப்பழக்கமும் ஆபத்தும்

போஸ் வேலையைச் சமூக வலைத்தளப் படங்களைப் பார்த்துக் கற்கக்கூடாது என்பதற்கு ஒரே ஒரு போஸ் போதும்: தவளை போஸ். குழந்தை இரு முழங்கைகளையும் ஊன்றி, உள்ளங்கைகளில் தாடையைத் தாங்கி நிமிர்ந்து பார்ப்பதுபோல இருக்கும். எந்தப் பச்சிளம் குழந்தைக்கும் அப்படித் தலையைத் தாங்கும் கழுத்து பலம் கிடையாது. அது இரண்டு படங்களின் ஒட்டு.

செய்யும் முறை இது. கேமரா டிரைபாடில், ஃபோகஸ் மேனுவலில், எக்ஸ்போஷர் பூட்டப்பட்டிருக்கும். முதல் படத்தில் உதவியாளர் குழந்தையின் தலையை மேலிருந்து விரல்களால் தாங்குவார். குழந்தையின் மணிக்கட்டுகள் மறைவில்லாமல் தெரியும். இரண்டாவதில் தாடைக்குக் கீழே குழந்தையின் கைகளையும் மணிக்கட்டையும் சேர்த்துத் தாங்குவார். தலையின் மேல்பக்கம் தெரியும். பிடி மாறும்போது ஒரு கை குழந்தையிடம் சேர்ந்த பிறகுதான் மற்றது விலகவேண்டும். நொடிநேரம்கூடக் குழந்தை தாங்கலின்றி இருக்கக்கூடாது. பிறகு ஃபோட்டோஷாப்பில் முதல் படத்தின் கீழ்ப்பாதியையும் இரண்டாவதன் மேல்பாதியையும் மாஸ்க் போட்டு (வேண்டாத பகுதியை மறைத்து) இணைப்பார்கள். பிடியை மாற்றும்போது விரிப்பின் மடிப்பு நகர்ந்துவிட்டால் ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். விரிப்பைப் பீன் பேக்கின் நான்கு பக்கமும் இழுத்துக் கிளிப் போடுவது இதற்காகவும்தான். இடுப்பு தானாக விரிந்து கொடுக்காத குழந்தையிடம் இந்தப் போஸை முயலவே கூடாது.

மற்றப் போஸ்களிலும் கண் வைக்க வேண்டியவை சில. தாடை நெஞ்சில் அமுங்கினால் மூச்சுப்பாதை குறுகும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி தெரியவேண்டும். மடங்கியிருக்கும் கையோ காலோ நீலமோ ஊதாவோ ஆனால் உடனே பிரித்துவிட வேண்டும். காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்குக் கேடு. துணிக்குள் கால்கள் மடங்கி விரிய இடம் வேண்டும். உடையில்லாமல் எடுக்கும்போது அறை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும், ஏனெனில் பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்வை இருந்தால் ஹீட்டரைக் குறைக்கவேண்டும். சூடு மிஞ்சுவதும் ஆபத்தே. வாளி, கூடை போன்ற பொருட்களின் அடியில் எடை வைத்தாக வேண்டும், ஒருவர் கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரம், மரக்கிளையில் தொங்கும் துணி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். கேட்கும் வாடிக்கையாளர் போனாலும் போகட்டும்.

வீட்டு வேலையில் இத்தனை இல்லை, ஆனால் ஆபத்தே இல்லை என்று நினைக்கவேண்டாம். கட்டில் மேலிருந்து குனிந்து எடுக்கும்போது கேமரா ஸ்ட்ராப் கழுத்திலேயே இருக்கவேண்டும், லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்பக்க மறைப்பு வளையம்) கழற்றியிருக்க வேண்டும். இரண்டு மூன்று வயது அண்ணனோ அக்காவோ குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் படம்தான் பெற்றோர் முதலில் கேட்பது. பெரிய குழந்தையை முதலில் கட்டிலின் நடுவே படுக்கவைத்து, துணியில் சுற்றிய பச்சிளம் குழந்தையைக் கடைசியாகத் தலையோடு தலை சேர்த்து வைப்பதே அதற்குப் பதிலான பாதுகாப்பான வழி. ஒரு பெரியவர் ஃபிரேமுக்கு ஓரத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். எடுத்து முடிந்ததும் முதலில் வெளியே வருவது பச்சிளம் குழந்தைதான்.

வெளிச்சம்

ஸ்டுடியோவின் பலம் இங்கே. 120 முதல் 150 செ.மீ. அகல சாஃப்ட்பாக்ஸ் (விளக்கு வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி) ஒன்று, குறைந்த பவரில், குழந்தைக்கு அருகில். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக வெளிச்சம் இறங்கும்படி தலைப்பக்கம் விளக்கு இருந்தால் போதும். கால்பக்கம் வைத்தால் மூக்குத் துவாரத்துக்குள் வெளிச்சம் ஏறி முகம் விகாரமாகிவிடும். எஃப் 4 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது, கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு), ஷட்டர் 1/160 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200 என்று ஒருமுறை அமைத்தால் மழையானாலும் இருட்டினாலும் அதே நிறம் கிடைக்கும்.

வீட்டில் முதல் வேலை எல்லா விளக்குகளையும் அணைப்பது. ஜன்னல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 2700. இரண்டும் ஒரே கன்னத்தில் விழுந்தால் பாதி நீலம், பாதி ஆரஞ்சு. எந்த எடிட்டிங்கிலும் முழுதாகச் சரியாகாது. விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்றால் படத்தில் இருட்டுப் பட்டைகள் விழாமலிருக்க மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்தி, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/125 வைக்கலாம். அழுத்தமான நிறத்தில் சுவரோ திரைச்சீலையோ இருந்தால் அந்த நிறம் குழந்தைத் தோலில் ஏறும். வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைப் பையிலேயே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி குறையும். ஜன்னலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் கட்டிலை நகர்த்தச் சொல்லத் தயங்கவேண்டாம்.

வீட்டு ஷூட்டுக்கு 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். கூடவே 85 இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரை போகும், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சவேண்டியது எஃப் 1.8இல் மூன்று பேரை எடுப்பதற்கு: அம்மா கண் கூர்மையாக இருக்கும், அப்பா மங்கிப்போவார். முகங்கள் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் எஃப் 4க்காவது போகவேண்டும். போஸ் வேலைக்கு 50, விரல் நுனிக்கும் இமைக்கும் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுக்கும் லென்ஸ்).

நேரமும் பணமும்

ஒரு போஸ் ஷூட் மூன்று மணி நேரம் என்பது சாதாரணம். பாலூட்டவும் அமைதிப்படுத்தவும் பாதி நேரம் போகும். அதற்கு முன் அறையைச் சூடேற்றுவது, பின் தொட்ட துணி அத்தனையையும் துவைப்பது. 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட ரீடச் (படத்தைத் திருத்தும் வேலை) என்றால் அதுவே ஐந்து மணி நேரம். உரியும் தோல், கீறல், பரு இவற்றை எடுத்துவிடலாம். பிறவி மச்சத்தைப் பெற்றோரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிவந்த கைகால்களுக்குச் சிவப்பின் பிரகாசத்தைக் கூட்டுவதும், காமாலைத் தோலுக்கு மஞ்சளின் செறிவைக் குறைப்பதும் அளவோடு இருந்தால்தான் குழந்தை மெழுகுப் பொம்மை ஆகாது. வீட்டு ஷூட் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், பயணம் தனி. 60 படங்கள் கொடுத்தாலும் ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை என்பதால் லைட்ரூம் மென்பொருளில் தொகுதியாகச் சரிசெய்து மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய வருட வருமானம் 60 பங்கு என்று வையுங்கள் (பங்கு என்பது கணக்குக்காக வைத்த ஓர் அலகு). வீடுவீடாகப் போகிறவரின் செலவு (கருவி, காப்பீடு, பயணம், வரி) 40 பங்கு, மொத்தம் 100. வருடத்துக்கு 80 ஷூட் எடுத்தால் ஒன்றுக்கு 1.25 பங்கு. ஸ்டுடியோக்காரருக்கு வாடகை, ஹீட்டர், துணிமணி, உதவியாளர் சேர்த்துச் செலவு 65, மொத்தம் 125. வருடத்துக்கு 50தான் எடுக்க முடியும் என்றால் ஒன்றுக்கு 2.5 பங்கு, அதாவது சரியாக இரட்டிப்பு. அந்த விலைக்குத் தகுந்த கைத்திறன் வராமலே ஸ்டுடியோ திறப்பவர்கள்தான் விலையைக் குறைத்து, வாடகைக்கு உழைத்துக் களைத்துப்போகிறார்கள். அக்கம்பக்கத்தார் விலைப்பட்டியலைப் பார்த்து விலை வைப்பதும் இதே குழியில்தான் கொண்டுவிடும். அவர்களுடைய செலவு உங்களுக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் திரும்பி வருவதும் கணக்கில் சேரவேண்டும். ஒரு குழந்தை பச்சிளம் குழந்தையாக இருப்பது ஒரே ஒரு முறை. பிடிமானமின்றி உட்காரும், ஆனால் தவழத் தொடங்காத 6 முதல் 8ஆம் மாதம், பிறகு முதல் பிறந்தநாள், அதன்பின் வருடம் ஒரு குடும்பப் படம் என்று நீளும் வரிசைதான் நிலையான வருமானம். முதல் ஷூட்டிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து எடுத்தவரை இந்த வரிசைக்குக் கூப்பிடுவது எளிது. போஸுக்காக வந்தவர் பெரும்பாலும் அடுத்த குழந்தைக்குத்தான் வருவார். அதனால் போஸ் எடுப்பவரும் கடைசி இருபது நிமிடத்தைப் பெற்றோருக்கு ஒதுக்குவது நல்லது. மொத்த டிஜிட்டல் ஃபைலையும் ஒரே விலைக்குத் தருவது நேரத்தை மிச்சப்படுத்தும். படங்களை உட்கார்ந்து காட்டி ஆல்பமும் பிரிண்டும் விற்பது ஒரு ஷூட்டின் வருமானத்தை உயர்த்தும், ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகும். ஷூட் குறைவாக எடுக்கும் போஸ்காரருக்கு இரண்டாவது பொருந்தும்.

மூன்றாவது வழியும் உண்டு: மருத்துவமனை ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. முதல் 48 மணி நேரக் குழந்தைகளை வரிசையாக எடுப்பார்கள். ஊதியம் குறைவு, படங்களின் உரிமை பல ஒப்பந்தங்களில் நிறுவனத்துடையது. குழந்தையைத் தூக்கும் பயம் போவதற்கு மட்டும் நல்ல பள்ளிக்கூடம்.

சுற்றுவதற்குப் பழக, மூன்று கிலோ எடையுள்ள பயிற்சிப் பொம்மை போதும். நிஜக் குழந்தையைத் தொடுவது அனுபவசாலி ஒருவருக்கு உதவியாளராக நின்ற பிறகு. கையில் மோதிரம் இல்லாமல், நகம் வெட்டி, கை கழுவி. வெளியிடும் உரிமைக்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள், ஷூட் ஒப்பந்தத்துக்குள் நுழைக்கவேண்டாம். படம் வேண்டும், ஆனால் குழந்தை முகம் பொதுவில் வேண்டாம் என்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களும் நல்ல வாடிக்கையாளர்களே. ஸ்டுடியோவுக்கு முன்பணம் கட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: தொடர்ந்து ஆறு மாதம் போஸ் ஷூட் மட்டும் தரும் தொகை, உங்கள் உழைப்புக்கான கூலி போக, அந்த வாடகையைத் தாண்டுகிறதா? தாண்டாத வரை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இடமே போதும், ஹீட்டர் அங்கே வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.