ஒரு நாள் படகுப் பயணத்துக்கு எந்தத் தீவு? ஐரிஷ் பேசும் தீவுகள் குறித்த ஓர் ஒப்பீடு

அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து காலையில் படகேறி, ஐரிஷ் மொழி பேசும் ஒரு தீவில் பகலைக் கழித்துவிட்டு, மாலையில் திரும்பிவிட வேண்டும் என்று திட்டமிடுபவர், தீவுகளின் படங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் திரும்பும் படகு எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு படகுகளுக்கும் நடுவே கரையில் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த நேரம் பெரிய தீவில் போதாமல் போகிறது. சிறிய தீவில் தாராளமாக இருக்கிறது. எந்தத் தீவு சிறந்தது என்ற வாதங்களில் பாதி, இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி மொழி பற்றியது. ஐரிஷ், அயர்லாந்தின் அரசியலமைப்புப்படி முதல் ஆட்சிமொழி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு அது பேசத் தெரியும் என்று பதிந்திருக்கிறார்கள்; ஆனால் கல்விக்கூடத்துக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோர் ஏறக்குறைய 72,000 பேர் மட்டுமே. கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் வழங்கும் பகுதிகளுக்குள் இத்தீவுகள் வருகின்றன என்றாலும், படகை விட்டு இறங்கியதும் அந்த மொழி காதில் வந்து விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தீவுக்காரர்கள் தங்களுக்குள் ஐரிஷில் பேசுவார்கள். வெளியூர் முகத்தைக் கண்டதும் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆகவே வெளியூர் முகங்கள் எங்கே குறைவோ அங்கேதான் மொழி காதில் விழும் வாய்ப்பு அதிகம் என்பதே இந்த ஒப்பீட்டில் நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

கால்வே விரிகுடாவின் வாயில் ஆரன் தீவுகள் மூன்று இருக்கின்றன. இனிஷ் என்றால் தீவு. இனிஷ் மோர் பெரிய தீவு, இனிஷ் மான் நடுத்தீவு, இனிஷ் ஈர் கிழக்குத் தீவு. தமிழ்க் காதுக்கு மோரும் மானும் ஈரும் வேறு எதையெதையோ நினைவூட்டும் என்பதால், இந்த மூன்று பெயர்களும் ஒருமுறை கேட்டாலே மறப்பதில்லை. மூன்றுமே எதிர்க்கரையிலுள்ள பரன் நிலத்தின் அதே சுண்ணாம்புப் பாறையின் தொடர்ச்சி. மண் இல்லாத அந்தப் பாறைமேல் கடற்பாசியையும் மணலையும் சுமந்து வந்து கொட்டித்தான் முன்னோர் வயல்களை உண்டாக்கினார்கள்.

இனிஷ் மோருக்குப் போவதற்கு ஒரே ஒரு காரணம் போதும், அது டன் ஏங்கஸ் கோட்டை. அடுக்கடுக்கான கல் மதில்கள் அரைவட்டமாக வளைந்து வந்து ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் சட்டென்று முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் ஏறக்குறைய 100 மீட்டர் கீழே அட்லாண்டிக். விளிம்பில் கைப்பிடியோ வேலியோ கிடையாது என்பதால், துணிச்சல்காரர்களும் வயிற்றால் ஊர்ந்து சென்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் தீவின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். கில்ரோனன் படகுத்துறையிலிருந்து கோட்டையின் அடிவாரத்துக்கு ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கிருந்து மேட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வாடகை சைக்கிள், மினி பஸ், குதிரை வண்டி என்று மூன்று வழி இருக்கின்றன. மூன்றுக்கும் துறையிலேயே ஆங்கிலத்தில் அழைப்பு விடுக்கிறார்கள். ஏறக்குறைய 800 பேர் வாழும் தீவில் கோடை நாள்களில் வந்திறங்கும் கூட்டத்துக்கு முன்னால் ஐரிஷ் ஒதுங்கிக்கொள்வதில் வியப்பில்லை. கோட்டையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர் இங்கே போகட்டும். மொழிக்காகப் போகிறவர் இங்கே இரவு தங்கினால்தான், கடைசிப் படகு போன பிறகு, தான் வந்த காரியம் நடக்கும்.

இனிஷ் ஈர் இதற்கு நேர்மாறான வசதியைத் தருகிறது. கிளேர் மாவட்டத்தின் டூலின் துறையிலிருந்து இது எட்டு கிலோமீட்டர் தொலைவுதான். விரைவுப் படகில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். மூன்றிலும் சிறியது, ஏறத்தாழ 300 பேர் வாழ்வது. காலாற நடந்தே சுற்றிவிடலாம்: 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஓ'பிரையன் கோட்டை, மணலில் பாதி புதைந்து கிடக்கும் புனித கீவனின் சிறு தேவாலயம், கிழக்குக் கரையில் பாறைகள்மேல் துருப்பிடித்து நிற்கும் பிளாஸி என்ற சரக்குக் கப்பல். 1960 மார்ச்சில் புயலில் சிக்கிய அந்தக் கப்பலிலிருந்த பதினொரு பேரையும் தீவுக்காரர்களே கயிறு கட்டிக் கரைசேர்த்தார்கள். சில வாரங்கள் கழித்து வந்த இன்னொரு புயல் கப்பலைத் தூக்கி இப்போதிருக்கும் இடத்தில் வைத்தது. அருகில் நின்று பார்த்தால் அடிப்பகுதியின் ஓட்டை வழியே மறுபக்கத்துக் கடல் தெரிகிறது. குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது இந்தத் தீவைத்தான். குறை என்னவென்றால், எளிதில் போக முடிகிற இடத்துக்கு எல்லோரும் போகிறார்கள். கோடையில் ஐரிஷ் கற்க வந்து தங்கும் பள்ளி மாணவர்கள் தெருவில் பேசிக்கொண்டு போவது காதில் விழும். அது கற்றுக்கொண்டிருக்கும் ஐரிஷ் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும்.

நடுவிலிருக்கும் இனிஷ் மானைப் பற்றி வழிகாட்டி நூல்கள் இரண்டு பத்திகளில் முடித்துக்கொள்வது வழக்கம். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சுருக்கமானதுதான்: டன் கோனோர் என்ற நீள்வட்டக் கற்கோட்டை, நாடகாசிரியர் ஜே. எம். சிங் 1898 முதல் 1902 வரை மீண்டும் மீண்டும் வந்து தங்கி ஐரிஷ் கற்ற கூரை வேய்ந்த வீடு, மேற்கு விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கை, கம்பளி உடை பின்னும் ஒரு தொழிற்கூடம். மக்கள் இருநூறு பேருக்கும் குறைவு. ஆனால் மூன்றிலும் மிகக் குறைவாகப் பயணிகள் இறங்கும் தீவு இதுதான். அதனாலேயே என் கணக்கில் இது முதலிடம் பெறுகிறது.

நான் அங்கே இறங்கியபோது என்னோடு சேர்த்து ஏழு பேர் இறங்கினோம். படகிலிருந்து ரொட்டித் தட்டுகளும், அட்டைப் பெட்டிகளும், ஒருவருடைய புதிய சலவை இயந்திரமும் இறங்கின. அவற்றை டிராக்டரின் பின்பெட்டியில் ஏற்றியபடியே இரண்டு பேர் நீளமாக எதையோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். முழுவதும் ஐரிஷ்தான், எங்களுக்காக ஒரு சொல்லும் ஆங்கிலத்துக்கு மாறவில்லை, ஏனென்றால் எங்களை யாரும் கவனிக்கவே இல்லை. பயணியாகப் போன ஓர் இடத்தில் பொருட்படுத்தப்படாமல் நிற்பது இவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அங்கே நடக்கும்போது கற்சுவர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாந்து பூசாமல் அடுக்கிய சுவர்கள். பல வயல்களுக்கு வாசலே இல்லை. மாட்டை உள்ளே விட வேண்டுமானால், சுவரில் தளர்வாக அடுக்கியிருக்கும் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு, மாடு நுழைந்ததும் மறுபடி கல் கல்லாக அடுக்கி மூடிவிடுகிறார்கள். அந்த இடைவெளிக்குப் பார்னா என்று பெயர். எது சுவர், எது பார்னா என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபட அரை மணி நேரமாவது ஆகும். உருண்டைக் கற்கள் ஒழுங்கின்றிக் குவிந்திருக்கும் இடம்தான் அது என்று தெரிந்த பிறகு, வரும் வழியெல்லாம் அதுவே கண்ணில் படும்.

வடக்கே டோனிகால் கரையிலிருக்கும் டோரி தீவை இந்தப் போட்டியில் சேர்ப்பது ஒருவகையில் அநியாயம். மகரோர்ட்டி துறையிலிருந்து முக்கால் மணி நேரப் படகுப் பயணம் என்பது சரிதான். ஆனால் டப்ளினிலிருந்து அந்தத் துறைக்கே காரில் நான்கு மணி நேரம் வேண்டும். தீவின் மக்கள்தொகை 150க்கும் குறைவு. கடலோ ஆரன் பக்கத்தைக் காட்டிலும் முரடு. 1974இல் புயல்கள் இந்தத் தீவை வாரக்கணக்கில் துண்டித்துப்போட்டதும், அதன்பின் சில குடும்பங்கள் கரைக்கே குடிபெயர்ந்ததும் வரலாறு. இருந்தும் டோரிக்கென்று ஒரு கவர்ச்சி உண்டு. அங்கே 'ராஜா' என்ற பட்டம் நெடுங்காலமாக வழங்கிவந்தது. அந்தப் பட்டத்தைக் கடைசியாகத் தாங்கிய பாட்ஸி டான் ரோஜர்ஸ் 2018இல் இறக்கும்வரை, படகில் வருவோரைத் துறைக்கே வந்து வரவேற்பார். அவர் ஓவியரும்கூட. ஜேம்ஸ் டிக்சன் என்ற மீனவர், டெரெக் ஹில் என்ற ஆங்கில ஓவியர் வரைவதைப் பார்த்துவிட்டு, கழுதை மயிரால் தாமே தூரிகை செய்துகொண்டு தீட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஓவிய மரபு அது. இங்கு கேட்கும் ஐரிஷும் வேறு: 'எப்படி இருக்கிறாய்' என்பதற்கு ஆரனில் 'கே ஹீ வில் டூ' என்பார்கள், டோரியில் 'கஜே மர் அடா டூ'. டப்ளினிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற தீவு அல்ல இது. ஓரிரவு தங்க முடியாதவர் இதை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவைக்கலாம். தென்கோடியில் பால்டிமோர் துறைக்கு அப்பாலிருக்கும் கேப் கிளியர் தீவு பறவை பார்ப்போருக்கு உகந்தது. ஐரிஷ் கேட்கப் போகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புறப்படும் துறையும் கவனிக்கத்தக்கது. டூலின் படகுகள் மார்ச் முதல் அக்டோபர் வரையிலான பருவத்துக்கு உரியவை; கால்வேக்கு மேற்கே 37 கிலோமீட்டரில் உள்ள ரோசாவீலிலிருந்து ஆண்டு முழுவதும் படகுகள் உண்டு, நகரத்திலிருந்து இணைப்புப் பேருந்தும் உண்டு. அலை மிகுந்த நாளில் இரண்டு துறைகளிலும் பயணம் ரத்தாகலாம் என்பதால், மறுநாள் விமானம் வைத்துக்கொண்டு தீவுக்குப் போவது புத்திசாலித்தனமல்ல. இனிஷ் மானில் உணவகங்களை நம்பிப் போகக் கூடாது. மதியத்துக்கு வேண்டியதைக் கால்வேயிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ரோசாவீலில் இனிஷ் மானுக்கும் இனிஷ் ஈருக்கும் பெரும்பாலும் ஒரே படகுதான் போகிறது. நடுத்தீவில் அது நிற்கும் நேரம் குறைவு, இறங்குபவர்களும் குறைவு. ஆகவே வேகம் தணியத் தொடங்கியதுமே பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுவிட வேண்டும்.