ஏம்ஸ் அறைக்காகவே ஒருமுறை போகலாம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கண்மாயக் காட்சிக்கூடம் ஒன்றுக்கு, கடந்த ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவையும் ஏழு வயது மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். எங்களை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது, அமெரிக்கரான அடெல்பர்ட் ஏம்ஸின் பெயரால் வழங்கும் ஏம்ஸ் அறைதான். சிறு துளை வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது சாதாரண அறையாகத் தெரிந்தாலும், அதன் பின்சுவர் உண்மையில் சாய்வாக ஓடுவதால் ஒரு மூலை மற்றதைவிட வெகு தொலைவில் இருக்கிறது. தரைக் கட்டங்களும் ஜன்னல்களும் அதற்கேற்பக் கோணலாக அமைக்கப்பட்டிருப்பதால், மூளை அந்தத் தொலைவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அருகிலிருந்த மூலையில் நின்ற மகளின் தலை கூரையை முட்டுவதுபோல் இருக்க, எதிர் மூலையில் நின்ற அம்மா அவளைவிடக் குள்ளமாகத் தெரிந்தார். பிறகு அம்மா தொலைவு மூலையிலிருந்து அருகு மூலைக்கு நடந்து வர, மகள் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு, “அப்பா, பாட்டி வளந்துக்கிட்டே வர்றாங்க!” என்று கத்தினாள்.

சுழலும் உருளைச் சுரங்கத்தின் நடுவே நடந்து செல்லும் பாலம் அசையாமல் இருந்தும், கண் சொல்வதும் உட்காதின் சமநிலை உணர்வு சொல்வதும் முரண்படுவதால், அம்மா கைப்பிடியை விடவே இல்லை; தலைசுற்றல் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

முப்பரிமாண ஓவியங்கள் ஒரே கோணத்தில்தான் சரியாகத் தெரியும். அந்த இடத்தைக் காட்டும் காலடிக் குறிகளோ பல இடங்களில் தேய்ந்து போயிருந்தன. ஒரே நீளமுள்ள கோடுகள் முனையிலுள்ள அம்புக்குறிகளால் வெவ்வேறு நீளமாகத் தெரியும், 1889இல் வெளியான முல்லர்-லையர் கோடுகளுக்கு அருமையான விளக்கப் பலகை இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். அம்மாவுக்கு நான்தான் வரிவரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சென்னையில் இது மிகவும் வருத்தமளித்தது. கூட்டமில்லாத வார நாள் காலையில் செல்லுங்கள்.