விண்வெளிக் கேமராவுக்குச் சிசிடியா, சிமாஸா?

விண்மீன்களைப் பார்த்துச் செயற்கைக்கோள் தன் திசையை அறிந்துகொள்ள உதவும் கேமரா ஒன்றுக்கு ஒளி உணரியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தபோது, சிசிடி (CCD), சிமாஸ் (CMOS) என்னும் இருவகை உணரிச் சில்லுகளையும் எடைபோட்டுச் சிமாஸையே எடுத்தோம். அது குறைந்த மின்சாரத்தில் இயங்கும், படத்தை விரைவாகப் படித்துத் தரும் என்பவை எல்லோரும் அறிந்தவை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது கதிர்வீச்சு.

சிசிடியில் ஒளி பட்டு ஒரு பிக்சலில் சேரும் எலக்ட்ரான்கள், அதாவது மின்னூட்டம், சில்லின் விளிம்பிலுள்ள பெருக்கியை அடையும்வரை பிக்சல் பிக்சலாக நகர்த்தப்படுகின்றன. விண்வெளியில் புரோட்டான்கள் மோதிச் சிலிக்கான் அணுக்களை இடம்பெயரச் செய்யும்போது, அந்தப் பாதை நெடுகிலும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பொறிகள் உருவாகின்றன. ஒவ்வொரு நகர்விலும் 0.001 விழுக்காடு மட்டுமே இழந்தாலும், 4,096 வரிசைகளைக் கடந்து வரும் மின்னூட்டத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு குறைந்துவிடும். இழப்பு பத்து மடங்கானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சிக்கியவை தாமதித்து விடுபடுவதால் விண்மீனுக்குப் பின்னே ஒரு வால் நீள்கிறது. 2002இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட ஏசிஎஸ் கேமராவின் படங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். அழகான படம் எடுப்பவருக்கு அது ஒரு கறை. திசை அறியும் கேமராவுக்கோ, விண்மீனின் மையத்தையே நகர்த்திவிடும் பிழை. 1999இல் ஏவப்பட்ட சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் சிசிடிகள் சில, பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்த தொடக்க வாரங்களிலேயே பாதிக்கப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அவை உள்ள கருவியைத் தொலைநோக்கியின் குவியத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டியதாயிற்று.

சிமாஸில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனிப் பெருக்கி உண்டு. மின்னூட்டம் அந்த நெடும்பயணத்தை மேற்கொள்வதில்லை. கதிர்வீச்சு அதையும் விட்டுவைக்காது என்பது உண்மையே: இருளிலும் ஒளிரும் பிக்சல்கள் ஆண்டுதோறும் பெருகும், அவற்றை விண்மீன் என்று மென்பொருள் மயங்கவும் கூடும். ஆனால் அவை இருந்த இடத்திலேயே இருப்பதால் பட்டியலிட்டு விலக்கிவிடலாம். குளிர்வித்தால் அவற்றின் ஒளிர்வும் தணியும். சூரியனை நெருங்கும் பார்க்கர் ஆய்கலமும், வியாழனை நோக்கிச் செல்லும் ஜூஸ் ஆய்கலமும் சிமாஸ் கேமராக்களையே சுமந்து செல்கின்றன.

எங்கள் அனுபவம் குறுகிய நேரப் பதிவுகளோடு நின்றுவிடுவது. மங்கலான விண்மீன் மண்டலங்களின் வடிவத்தை நீண்ட பதிவில் அளக்கும் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி 36 சிசிடிகளையும், நகரும் விண்மீனோடு மின்னூட்டத்தையும் உடன்நகர்த்திய கையா விண்வெளித் தொலைநோக்கி 106 சிசிடிகளையும் தேர்ந்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு. அத்தகைய பணிக்குச் சிமாஸை நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும், புதிய சில்லின் அளவீடுகளை நம்பி முடிவெடுக்காமல், சில்லைப் புரோட்டான் கற்றையின் தாக்குதலுக்கு உட்படுத்தியபின், உங்கள் கேமரா இயங்கப்போகும் வெப்பநிலையில் அளந்த எண்களைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.