ஊருக்குப் போன இடத்தில் ஷன்ட் ஆபரேஷன் பேச்சு: இரண்டு ஆஸ்பத்திரி அனுபவம்

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர்ப் பயணத்தில் பாதி நாள் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியத்தில் போகும். எனக்கு இந்த முறை முழுவதும் அதிலேயே போனது. சித்தப்பாவுக்கு சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். நான் போயிருந்த சமயத்தில் ரத்த வாந்தி எடுத்துவிட்டார்.

முதல் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைக் குறை சொன்னால் பாவம். சீட்டு போடும் முன்பே ரத்தக்கசிவைக் குறைக்கும் டெர்லிபிரெசின் ஊசியும் ஆண்டிபயாடிக்கும் ஆரம்பித்து, அன்று இரவே எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய்களுக்கு பேண்ட் (இறுக்கிக் கட்டும் சின்ன ரப்பர் வளையம்) போட்டார்கள். ஹீமோகுளோபின் 8-ஐ எட்டியதும் ரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள், ஏன் பத்துக்குக் கொண்டுவரவில்லை என்று சண்டைக்குப் போன உறவினரிடம், அதிகம் ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி பீறிடும் என்று டியூட்டி டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

சிக்கல் அப்புறம்தான். வார்டில் இருக்கும்போதே மறுபடி ரத்தம் வந்தது. திரும்ப பேண்ட் போட்டு நிறுத்தினார்கள். மறுநாள் சர்ஜன் வந்து, வராந்தாவில் நின்றபடியே "ஷன்ட் பண்ணிடலாம், கையெழுத்துப் போடுங்க" என்றார். ஷன்ட் என்றால் ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பிவிடும் இணைப்பு. எந்த வகை ஷன்ட், அந்தக் கல்லீரல் ஆபரேஷனைத் தாங்குமா, பின்விளைவு என்ன, ஒன்றும் சொல்லவில்லை. "டாக்டர் சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்" என்று சித்தி பேனாவை எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் கருத்துக் கேட்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சிடியும் ஃபைலும் கைக்கு வர அரை நாள் அலையவிட்டார்கள்.

இரண்டாவது இடத்தில் கல்லீரல் பிரிவு மருத்துவர் ஸ்கேன் உறையின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினார். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரல் இறுகிப்போனதால் வழி அடைபட்டு, அழுத்தம் ஏறி, உணவுக்குழாய்ப் பக்கம் புடைக்கிறது. போர்ட்டல் சிரையை நேராகப் பெரிய சிரையோடு இணைத்துவிட்டால் ரத்தக்கசிவு நிற்கும். ஆனால் கல்லீரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்றவை அப்படியே மூளைக்குப் போய் ஆளைக் குழப்பிவிடும். அதனால்தான் 1967-ல் வாரன் என்ற சர்ஜனின் குழு மண்ணீரல் சிரையை மட்டும் பிரித்து இடது சிறுநீரகச் சிரையில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. கல்லீரலுக்குப் போகும் ரத்தம் ஓரளவு தப்பிக்கும். ஆனால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இது ஒத்துவராது.

சித்தப்பாவுக்கு நீர் இருந்தது, காமாலையைக் காட்டும் பிலிருபினும் ஏறியிருந்தது, கல்லீரல் பாதிப்பை ஏ, பி, சி என்று பிரிக்கும் சைல்டு கணக்கில் நடுத்தரமான பி வகுப்பு. அவருக்குக் கழுத்துச் சிரை வழியாகக் குழாய் விட்டுக் கல்லீரலுக்குள்ளேயே ரத்தம் போக வழிவிடும் ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைக்கும் டிப்ஸ்தான் பொருத்தம் என்றார், வயிற்றைத் திறக்க வேண்டாம், நீரும் குறையும், பிற்பாடு மாற்றுக் கல்லீரல் வைக்க நேர்ந்தால் இடைஞ்சலும் குறைவு. அப்படியானால் ஆபரேஷனே வேண்டாத சமாச்சாரமா என்று கேட்டேன். இல்லை என்றார். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஏ, பி வகுப்பு நோயாளிகள் 140 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது உயிர்பிழைப்பில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களில் 82 சதவீதத்தினருக்கு மறுபடி கைவைக்க வேண்டியிருந்தது, வாரன் ஷன்ட்டில் 11 சதவீதம்தான். அது உறையில்லாத பழைய ஸ்டென்ட் காலம், இப்போதைய உறையிட்டவை அவ்வளவு சீக்கிரம் அடைபடுவதில்லை. கல்லீரல் இன்னும் நன்றாக இருந்து, டிப்ஸ் செய்ய வசதியில்லாத இடத்தில் இருப்பவருக்கு ஆபரேஷன் இன்றைக்கும் நியாயமான வழிதான் என்றார். முதல் சர்ஜன் தப்பானவர் என்று நான் சொல்ல மாட்டேன். தன் கையில் இருந்த வைத்தியத்தைச் சொன்னார், இல்லாததைச் சொல்லவில்லை.

டிப்ஸ் முடிந்த பிறகு அங்கே செவிலியர்களைத்தான் மெச்ச வேண்டும். டிப்ஸிலும் ரத்தம் கல்லீரலைத் தாண்டிப் போவதால் அதே குழப்பம் வரலாம் என்று, தினமும் காலையில் சித்தப்பாவை இரண்டு கைகளையும் பஸ்ஸை நிறுத்துவதுபோல நீட்டச் சொல்லி, விரல்கள் உதறுகிறதா என்று பார்த்தார்கள், பெயரை எழுதச் சொன்னார்கள். ஒருநாள் எழுத்து கோணலாகப் போனதும் அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும், அதுதான் கணக்கு என்று சித்திக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அங்கேயும் டிஸ்சார்ஜ் காகிதம் மட்டும் மோசம். ஸ்டென்ட்டின் விட்டம், போர்ட்டல் சிரைக்கும் பெரிய சிரைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 12 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கியதா, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அடுத்த டாப்ளர் ஸ்கேன் எப்போது, எதுவுமே அதில் இல்லை. கேட்டு நின்றதும் கையால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள், ஒரு பிரதி சித்தியிடம், ஒரு படம் என் போனில்.