மீனை முதலில் விடுவதா, கடைசியில் விடுவதா? மொட்டை மாடி அக்வாபோனிக்ஸில் தண்ணீரைப் பக்குவப்படுத்தும் வழிகள்

500 லிட்டர் கறுப்புத் தொட்டி, ஜல்லி நிரப்பிய இரண்டு செடிப் படுக்கைகள், சின்ன மோட்டார், ஒரு ஏர் பம்ப். இவ்வளவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொட்டை மாடியில் மாட்டி ஓடவிடலாம். மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு, மீனின் கழிவிலேயே செடி வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். மறுநாள் திங்கட்கிழமை என்ன செய்கிறோம் என்பதில்தான் மீன் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

முதல் முறை நான் செய்தது இது. சென்னை மடிப்பாக்கத்தில், ஏப்ரல் வெயிலில், போர் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் ஓடவிட்டுப் பன்னிரண்டு கோய் குஞ்சுகளை விட்டேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த வாரம் முடிவதற்குள் ஏழு செத்துவிட்டன. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் அதற்குப் பிறகுதான் வாங்கினேன். அந்த ஏழு மீன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்தான் கீரைக்குச் சாப்பாடு. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது. ஜல்லியிலும் குழாயின் உள்சுவரிலும் படிந்து பெருக அவற்றுக்கு வாரக்கணக்கில் நாளாகும். மீன் வளர்ப்பவர்கள் இதைச் சைக்கிளிங் என்பார்கள். இந்தக் காலத்தைக் கடக்க ஒன்றுக்கொன்று போட்டியாக இரண்டு வழிகள் உண்டு. மீனை விட்டு அதன் கழிவிலேயே பாக்டீரியாவை வளர்ப்பது ஒன்று. மீனே இல்லாமல் அம்மோனியாவை நாமே ஊற்றி வளர்ப்பது மற்றது.

எது மேல் என்பதை உங்கள் வீட்டுத் தண்ணீரும் பாதி முடிவு செய்கிறது. அதனால் முதலில் தண்ணீர்.

போர், மெட்ரோ, மழை

மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியம் தரும் தண்ணீரில், உள்ள பெரிய பிரச்சினை குளோரின். அது மீனின் செவுளையும் எரிக்கும், நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடினால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கிடைக்கும். லாரி தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும். அதில் ஒவ்வொரு லோடும் ஒரு மாதிரி இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் சோதித்துத்தான் ஊற்ற வேண்டும்.

மழைநீர் மென்மையானது, உப்பில்லாதது. செடிக்கு இதைவிட நல்ல தண்ணீர் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வீடுகளில் சம்ப் வரைக்கும் குழாய் வந்துவிட்டது. ஆனால் மழைநீரை மட்டும் வைத்துத் தொடங்கினால் பாக்டீரியா பாதியிலேயே நின்றுபோகும். காரணம் காரத்தன்மை, அதாவது அமிலம் சேர்ந்தாலும் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்காமல் தாங்கும் சக்தி. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனை) மாற்றும்போது சுமார் 7 கிராம் சுண்ணாம்புக் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. மழைநீரில் செலவழிக்க அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பி.எச். சரசரவென்று இறங்கும். 6.5-க்குக் கீழே பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், 6-ஐத் தொட்டால் ஏறக்குறைய நின்றேவிடும். ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் போட்டுத் தொட்டியில் தொங்கவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

போர் தண்ணீர் இதற்கு நேர் எதிர். காரத்தன்மை தாராளமாக இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 10 கிராம் மீன் தீவனம் போட்டால் சுமார் 0.3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். அதை மாற்ற 2 கிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மை தேவை. லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள போர் தண்ணீர் 500 லிட்டரில் 150 கிராம் இருக்கிறது. 70 நாள் தாங்கும். 50 மில்லிகிராம் மட்டுமே உள்ள தண்ணீரில் 12 நாளில் தீர்ந்துவிடும்.

ஆனால் போர் தண்ணீரில் ஒரு பொறி இருக்கிறது. குழாயில் பிடித்த உடனே எங்கள் தண்ணீரின் பி.எச். 7.3 காட்டும். ஒரு நாள் காற்று ஏற்றிய பிறகு பார்த்தால் 8.2. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறியதும் உண்மையான பி.எச். தெரியவருகிறது. குழாயடியில் எடுத்த அளவை நம்பி மீன் விட்டவர்கள் ஏமாறுவார்கள்.

ஏன் இந்த 8.2 முக்கியம்? டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் கொஞ்சம் கொடிய விஷம், மீதி அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியம். எவ்வளவு விஷம் என்பதைப் பி.எச்-உம் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷமில்லை. அதே 30 டிகிரியில் பி.எச். 8 ஆனால் ஏழரைப் பங்கு, 8.2 ஆனால் பதினோரு பங்கு. இரண்டு தொட்டிக்கும் கிட்டில் லிட்டருக்கு 1 மி.கி. என்று ஒரே பச்சை நிறம்தான் தெரியும். ஒரு தொட்டியில் மீன் நிம்மதியாக நீந்தும், பக்கத்துத் தொட்டியில் செவுள் வெந்து சாகும். விஷ வடிவ அம்மோனியா லிட்டருக்கு 0.05 மி.கி. இருந்தாலே நீண்ட நாளில் மீனுக்குக் கெடுதி.

மீனோடு தொடங்குதல்

இதற்கு ஆதரவாகச் சொல்ல நியாயங்கள் உண்டு. தனியாக ஒரு வேதிப்பொருளும் வாங்க வேண்டாம். தீவனத்தில் பாஸ்பரஸ் உட்பட எல்லாச் சத்தும் இருப்பதால் பாக்டீரியாவுக்கும் செடிக்கும் குறையில்லாமல் கிடைக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதல் நாளே மீன் பார்க்கும் சந்தோஷம் வேறு.

ஆனால் தினம் 10 கிராம் தீவனம் என்றால் 500 லிட்டர் தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு 0.6 மி.கி. அம்மோனியா ஏறும். மூன்று நாளில் 1.8. எங்கள் பி.எச்-இல் அதில் 0.2 மி.கி. விஷம். தாங்கும் அளவைப் போல நான்கு மடங்கு. ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் நான்கைந்து மீன் மட்டும் விட்டு, தீவனத்தை ஒன்றிரண்டு கிராமோடு நிறுத்தி, தினமும் சோதித்து, அளவு ஏறும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். இப்படி ஒரு மாதத்துக்கு மேல். தண்ணீர் மாற்ற மாற்ற பாக்டீரியாவின் உணவும் குறைவதால் நாள் இன்னும் நீளும். ஊருக்குப் போக வேண்டிய வாரம் ஒன்று நடுவில் வந்தால் யார் பார்ப்பது?

அம்மோனியாவைத் தாண்டினால் அடுத்து நைட்ரைட். அது மீனின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. இரத்தமும் செவுளும் பழுப்பாகிவிடும். இங்கே கைகொடுப்பது சாதாரணக் கல் உப்பு. நைட்ரைட்டைப் போலப் பத்து மடங்கு குளோரைடு தண்ணீரில் இருந்தால் செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவது பெரும்பாலும் தடைபடும். 500 லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு போட்டால் லிட்டருக்கு 60 மி.கி. குளோரைடு. கீரைக்கு அந்த அளவு உறைக்காது. உங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்புக் கரித்தால் இதுவும் வேண்டாம்.

மீன் இல்லாமல் தொடங்குதல்

என் இரண்டாவது முயற்சி இது. மூன்றாவதும் இதுதான். இனி வேறு வழியில் தொடங்க மாட்டேன்.

எந்தப் பி.எச். மீனைக் கொல்கிறதோ, அதே பி.எச்-ஐத்தான் இந்த பாக்டீரியாக்கள் விரும்புகின்றன. 7.5 முதல் 8 வரை அவற்றுக்கு உகந்த இடம். வெப்பம் 25 முதல் 30 டிகிரி. அதாவது கடினமான போர் தண்ணீரும் சென்னை வெயிலும் மீன் இருக்கும்போது எமன்; மீன் இல்லாதபோது பாக்டீரியாவுக்குச் செழிப்பான நாற்றங்கால். இதை உணர்ந்த பிறகுதான் எனக்கு வரிசை தெளிவானது: பாக்டீரியாவைப் போர் தண்ணீரில் வளர்ப்பது, மீன் வரும் நாளில் மழைநீர் கலந்து பி.எச்-ஐ இறக்குவது. ஆசிட் ஊற்றி பி.எச்-ஐ இறக்கும் வேலையே வேண்டாம். காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் அது இரண்டே நாளில் பழைய இடத்துக்கு ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம் மீனுக்கு இன்னொரு தொல்லை.

அம்மோனியாவுக்கு எதைப் போடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். உரக்கடை யூரியா கைக்கெட்டும் தூரத்தில், மலிவாக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயம். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கத்தான் அந்தப் பூச்சு. வயலில் அது நன்மை. நமக்கோ அந்த மாற்றம்தான் வேண்டும்! தவிர யூரியா உடைந்து அம்மோனியாவாகச் சில நாள் ஆகும். கிட்டில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு பிடி போடுவார்கள், நாலாம் நாள் எல்லாம் சேர்ந்து ஏறும்.

இறாலையோ மீன் தலையையோ அழுகவிடுவது இன்னொரு முறை. வேலை செய்யும். நாற்றமும் காக்கையும் வரும், எவ்வளவு அம்மோனியா வந்தது என்ற கணக்கு நம் கையில் இருக்காது. மாடித்தோட்டக்காரர்கள் கோமியம், ஜீவாமிர்தம் என்று யோசிப்பார்கள். மண்ணுக்கு அவை அருமை. தண்ணீரில் கரைந்தால் அவற்றில் உள்ள அங்ககப் பொருள் பிராணவாயுவை உறிஞ்சிவிடும்.

நான் போடுவது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் நவச்சாரம் இதுவே. ஆனால் கடைச் சரக்கின் தூய்மை தெரியாது என்பதால் ஆய்வகத் தரத்தில் ரசாயனக் கடையில் வாங்குவது நல்லது. 500 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. நைட்ரஜன். அரை மி.கி-க்குக் கீழே இறங்கியதும் மறுபடி 4 கிராம். 5 மி.கி-க்கு மேல் ஏற்றினால் பாக்டீரியாவே திணறும். வேகமாக முடிக்க நினைத்து அதிகம் போடக் கூடாது. இதில் பாஸ்பரஸ் கிடையாது. ஆகவே வாரம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் தூவுங்கள், இல்லாவிட்டால் காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

ஏர் பம்பை ஒரு மணி நேரம்கூட நிறுத்தக் கூடாது. 2 மி.கி. அம்மோனியா நைட்ரஜனை முழுதாக மாற்ற லிட்டருக்கு 9 மி.கி. பிராணவாயு வேண்டும். 30 டிகிரித் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடியதே ஏழரை மி.கி. தான். கரண்ட் போகும் பகுதியென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம். தொட்டியில் வெயில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இந்த பாக்டீரியாக்களை மட்டுப்படுத்தும், பாசியை வளர்க்கும். நீல டிரம் வைத்திருப்பவர்கள் வெளியே கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாம்.

பாட்டிலா, பழைய ஸ்பாஞ்சா

பாக்டீரியாவைக் காலத்தின் போக்கில் விட்டால் நான்கைந்து வாரம். சீக்கிரம் முடிக்க உறைமோர் போல ஏதாவது விட வேண்டும். பாட்டிலில் வரும் பாக்டீரியா உயிரோடு வந்தால் உதவும். மே மாதக் கூரியர் வண்டியில் எத்தனை நாள் வெந்தது என்பது யாருக்குத் தெரியும்? இறால் பண்ணைகளுக்கு விற்கும் புரோபயாட்டிக் தூள் வேறு வகை. அதில் இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் என்ற வேறு பாக்டீரியா. அடியில் சேரும் கசடைச் செரிக்கும், நமக்கு வேண்டிய வேலையைச் செய்யாது.

நன்றாக ஓடும் நண்பர் வீட்டு மீன் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. அந்தத் தொட்டியின் தண்ணீரிலேயே நனைத்து, காற்றோட்டமாக எடுத்து வந்து, அன்றே நம் தொட்டியில் பிழிந்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் வீண். கூடவே நோய் வருமே என்ற பயம் நியாயமானது. வெள்ளைப் புள்ளி நோயின் கிருமிக்கு ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காவிட்டால் நம் வெப்பத்தில் சில நாளிலேயே அழிந்துவிடும். மீன் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் ஓடும் தொட்டிக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. மீனோடு தொடங்குகிறவருக்கு இந்த இடைவெளி கிடையாது. ஸ்பாஞ்ச் போட்டு நான் தொடங்கிய மூன்றாவது தொட்டி பதினெட்டு நாளில் தயாரானது. ஸ்பாஞ்ச் இல்லாத இரண்டாவதற்கு முப்பத்தி நான்கு நாள்.

தயார் என்பதை எப்படி அறிவது? 4 கிராம் போட்டு, மறுநாள் அதே நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். நைட்ரைட் கிட்டின் உச்ச நிறத்தில் பல நாள் நின்றால், ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்துப் பத்தால் பெருக்குங்கள். அப்போதுதான் இறங்குகிறதா என்று தெரியும். இரண்டாவது தொட்டியில் அதைச் செய்யாமல் ஒரு வாரம் வீணாகக் கவலைப்பட்டேன்.

புதினாவையும் பாலக்கையும் நைட்ரேட் தெரிய ஆரம்பித்ததுமே நட்டுவிடலாம். மீன் விடும் நாளில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு மழைநீர் ஊற்றினேன். மழைநீர் இல்லாதவர்கள் குளோரின் போன மெட்ரோ தண்ணீரைக் கலக்கலாம். நைட்ரேட்டும் குறையும், பி.எச்-உம் 8-க்குக் கீழே வரும். உண்ணும் மீனாகக் கிஃப்ட் என்ற மேம்படுத்தப்பட்ட திலேப்பியா ரகத்தை வளர்க்க விரும்புகிறவர்கள் அதற்கு அரசு அனுமதி வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முதல் வாரம் தீவனம் தினம் 5 கிராம், சோதனை தினம் ஒரு தடவை. இரண்டு அளவும் பூஜ்யத்திலேயே நின்றால் அடுத்த வாரம் 10 கிராம். கடைசி 4 கிராம் அம்மோனியம் குளோரைடுக்கும் மீன் வருவதற்கும் இடையில் ஒரு நாளுக்கு மேல் போகவிடாதீர்கள், பாக்டீரியா பட்டினி கிடக்கும்.