8, 8, 7, 1, 1: இதில் பெரும்பான்மைக் கருத்து எது?

நிலாவெளிப் பக்கம் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில், மாரிக்கு முன் எந்த வேலையை எடுப்பது என்று பார்க்க, குழுவின் ஐந்து பேரும் ஒவ்வொரு யோசனைக்கும் பத்துக்குப் புள்ளி போட்டோம். வலையும் மோட்டாரும் வைக்கும் பொதுக் கொட்டிலுக்கு விழுந்தவை 8, 8, 7, 1, 1. 1 போட்ட இருவரின் வள்ளங்கள் கரையேறும் இடம் தள்ளி இருக்கிறது. அவர்கள் மறுப்பு நியாயமானதே.

சராசரி 5. அப்படி நினைத்தவர் ஒருவரும் இல்லை என்பதால் உடனே விட்டோம். இடைநிலை, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் புள்ளி, 7. இது சுலபம், மோசமும் இல்லை. ஆனால் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தால், பெரும்பான்மையில் எதிர்த்தரப்புக்கு மிக அருகில் நிற்பவரின் புள்ளிதான் எப்போதும் கிடைக்கும். குழு நான்கு பேராகி இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் நடுவில் யாரும் இல்லாத இடத்தில் போய் நிற்கும்.

அடுத்தது 1988இல் ரொனால்ட் யாகர் என்ற ஆய்வாளர் முன்வைத்த ஓ.டபிள்யூ.ஏ. (OWA, வரிசைப்படி எடையிட்ட சராசரி). புள்ளிகளை இறங்குவரிசையில் அடுக்கி, ஆளுக்கு அல்லாமல் வரிசையில் உள்ள இடத்துக்கு எடை தருவது. 'பெரும்பாலோர்' என்பதற்குக் குழுவில் பாதிப் பேர் வரை 0, அங்கிருந்து சீராக ஏறி 80 சதவீதம் பேரில் 1 என்று வைத்தோம். ஒவ்வோர் ஆளாகச் சேரும்போது அந்த மதிப்பு எவ்வளவு ஏறுகிறதோ, அதுவே அந்த இடத்தின் எடை. எடைகள் 0, 0, 1/3, 2/3, 0 என்று வர, விடை 3. மூன்று பேர் விரும்பும் கொட்டிலுக்கு 3! இந்த முறை கேட்பது 'பெரும்பாலோருக்குக் குறைந்தது எவ்வளவு திருப்தி?' என்பதை. அதனால் கூடிய எடை நாலாவது இடத்துக்கு, அதாவது மறுத்தவருக்குப் போய்விடுகிறது. யாரோடு யார் ஒத்துப்போகிறார் என்பதை அது பார்ப்பதே இல்லை.

என் தெரிவு தூண்டல் ஓ.டபிள்யூ.ஏ. யாகரும் டிமிதர் ஃபிலெவும் 1999இல் கொடுத்தது. கப்ரியெல்லா பாசியும் யாகரும் 2006இல் அதைப் பெரும்பான்மைக் கருத்துக்குப் பொருத்தினார்கள். ஒருவரின் புள்ளிக்கு எத்தனை பேர் அருகில் இருக்கிறார்கள் என்பதே இங்கே எடையைத் தீர்மானிக்கிறது. ஒரு புள்ளி இடைவெளியை 'அருகில்' என்று கொண்டால் 8, 8, 7 மூன்றுக்கும் தன்னையும் சேர்த்து ஐந்தில் மூன்று ஆதரவு. 1க்கு ஐந்தில் இரண்டுதான், பாதிக்குக் கீழே, எடை 0. மற்ற மூன்றுக்கும் சம எடை, விடை ஏறத்தாழ 7.7. 'பெரும்பாலோர்' என்பதன் வரையறை அதேதான். எடை இடத்துக்குப் போகிறதா, ஒத்த கருத்துக்குப் போகிறதா என்பதால்தான் 3 ஒருபக்கம், 7.7 ஒருபக்கம்.

இதில் கவனம் வேண்டியது அந்த 'அருகில்'. இடைவெளியை 0 ஆக்கிப் பாருங்கள்: 7 தனித்துவிடும், யாருக்கும் பாதிக்கு மேல் ஆதரவில்லை, பெரும்பான்மையே காணாமல் போய்விடும். ஆகவே புள்ளி போடுவதற்கு முன்பே இடைவெளியை எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு தொட்டால், வேண்டிய முடிவை எவரும் வரவழைக்கலாம். இன்னொன்று, இருவரின் குரல் கணக்கில் அப்படியே மறைவது எனக்குச் சரியாகப்படவில்லை. அதனால் கூட்டறிக்கையில் 7.7ஓடு 'ஐந்தில் மூவர். இருவர் 1' என்றும் பதிந்தோம்.

ஐம்பது, நூறு பேர் புள்ளி போடும் கூட்டத்தில் இதை நான் பயன்படுத்திப் பார்க்கவில்லை. அங்கே இடைநிலையே போதுமானதாக இருக்கலாம்.